மருத்துவப் பதிவு இப்போது உங்கள் கையில்: அதை வைத்து என்னென்ன செய்யலாம்?

மருத்துவமனையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வருகிறது: எங்கள் செயலியில் கணக்குத் தொடங்குங்கள், உங்கள் பதிவுகளை அங்கேயே பார்க்கலாம். பலரும் தொடங்குகிறார்கள். இரத்தப் பரிசோதனை முடிவை ஒருமுறை பார்க்கிறார்கள், சிவப்பில் இருக்கும் எண்ணைக் கண்டு கலங்குகிறார்கள், பிறகு கடவுச்சொல்லையே மறந்துவிடுகிறார்கள். கணக்குத் தொடங்கிய பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

பதிவை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் சிகிச்சையில் ஒன்றும் மாறாது. அதிலுள்ள பிழையைத் திருத்தக் கேட்டால் மாறும். விடுபட்டதைச் சேர்த்தால் மாறும். ஓர் எண்ணைக் காட்டி, இது ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று கேட்டால் நிச்சயம் மாறும். இதய மருத்துவருக்குச் சிறுநீரக மருத்துவர் சொன்னது தெரிந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பல் மருத்துவருக்கு இரண்டு பேர் சொன்னதும் தெரியாது. எல்லா அறைகளுக்குள்ளும் போய்வருகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

மருத்துவர் எழுதும் குறிப்பை நோயாளி படிக்கலாமா என்பதே நெடுங்காலம் விவாதப் பொருளாக இருந்தது. 2010இல் அமெரிக்காவில் பாஸ்டன், சியாட்டில், பென்சில்வேனியா ஆகிய இடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் ‘ஓப்பன்நோட்ஸ்’ என்ற ஆய்வில் சேர்ந்து, தங்கள் குறிப்புகளை நோயாளிகளுக்குத் திறந்துவிட்டார்கள். நோயாளிகள் பயந்துபோவார்கள், கேள்வி கேட்டே நேரத்தைத் தின்றுவிடுவார்கள் என்ற அச்சம் தொடக்கத்தில் இருந்தது. ஆய்வு முடிந்தபோது ஒரு மருத்துவர்கூடக் குறிப்புகளை மீண்டும் மூடிவைக்க விரும்பவில்லை. ஆகவே, குறிப்பைப் படித்தால் மருத்துவர் என்ன நினைப்பாரோ என்ற தயக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

படி 1: கணக்கைச் சரியாகத் தொடங்குவது

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. மருத்துவமனை கொடுத்த இணைப்பு வழியாக, அல்லது அதன் வரவேற்பு மேசையில் கேட்டு, உண்மையான தளம்தானா என்று உறுதி செய்துகொண்டு பதியுங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வையுங்கள். கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் அதை இயக்குங்கள். அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்காதீர்கள். வேலை மாறினால் கணக்கும் கைவிட்டுப் போகும்.

முதல் முறை உள்ளே போனதும் பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே பெயருள்ள இருவரின் பதிவுகள் கலந்துபோவது மருத்துவமனைகள் நன்கு அறிந்த கோளாறு. உங்களுக்கு நடக்காத அறுவை சிகிச்சை உங்கள் பெயரில் இருந்தால், அன்றைக்கே பதிவுப் பிரிவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

படி 2: மூன்று பட்டியல்களைச் சரிபார்ப்பது

நேரம் குறைவாக இருந்தால் இந்த ஒரு படியை மட்டுமாவது செய்யுங்கள். மருந்துகள், ஒவ்வாமைகள், நோய்கள் என்று மூன்று பட்டியல்கள் அநேகமாக எல்லாப் பதிவுகளிலும் இருக்கும். அவசரப் பிரிவில் உங்களை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவர் முதலில் திறப்பதும் இவற்றைத்தான்.

மருந்துப் பட்டியலைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் புட்டிகளையும் மேசைமேல் கொட்டுங்கள். ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வணிகப் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு வேறொரு மாத்திரை என்று வாங்கியிருப்பீர்கள். இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது அதன் வழக்கமான உச்ச வரம்பு. இரண்டு அட்டைகளிலிருந்தும் தாராளமாக எடுத்துக்கொண்டால் அந்த வரம்பை எளிதில் தொட்டுவிடலாம். அதைத் தாண்டினால் பாதிக்கப்படுவது கல்லீரல்.

எப்போதோ நிறுத்திய மருந்து பட்டியலில் இன்னும் நின்றுகொண்டிருக்கும். அதை நிறுத்திவிட்டதாகக் குறிக்கச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை, கண் சொட்டு மருந்து, மூலிகைச் சூரணம், வைட்டமின் ஆகியவை பட்டியலில் இருக்கவே இருக்காது. அவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடாதீர்கள். முடி வளர்ச்சிக்கென்று விற்கப்படும் பயோட்டின், சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே தவறாகக் காட்டிவிடும். தைராய்டு பரிசோதனையும், மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் பரிசோதனையும் அவற்றில் சேரும். 2017இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதுகுறித்து எச்சரிக்கை வெளியிட்டது.

இன்னொன்று, சொல்லச் சங்கடமானது. பட்டியலில் இருக்கும் மாத்திரையை நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றால், அதையும் சொல்லிவிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை வாரத்தில் பாதி நாள் மறந்துவிடுகிறீர்கள், அழுத்தம் குறையவில்லை, பதிவை மட்டும் பார்க்கும் மருத்துவர் மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுகிறார். பிறகு ஏதோ ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் தலைசுற்றி விழ நேரும். மறதியைச் சொன்னதற்காகத் திட்டு வாங்குவது இதைவிட எவ்வளவோ மேல்.

ஒவ்வாமைப் பட்டியலில் மருந்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. என்ன நடந்தது, மருந்து எடுத்த எத்தனை நேரத்தில் நடந்தது, என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்பவையும் இருக்க வேண்டும். வயிற்றைப் பிரட்டியது பக்கவிளைவு. முகம் வீங்கி மூச்சு முட்டியது ஒவ்வாமை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. பென்சிலின் ஒவ்வாமை என்று பதிவில் இருப்பவர்களை முறையாகச் சோதித்துப் பார்த்தால், 10 பேரில் 9 பேர் அளவுக்கு அந்த மருந்தை எந்தத் தொல்லையும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு தடிப்பு, வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்ட முத்திரையாகிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு தொற்றுக்கும் பொருத்தமான மருந்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தேட வேண்டியதாகிறது. இதை வீட்டில் நீங்களே சோதித்துப் பார்க்கக் கூடாது. ஒவ்வாமை மருத்துவரிடம் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள்.

நோய்ப் பட்டியலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு காலத்தில் சந்தேகப்பட்டு, பிறகு இல்லை என்று தெரிந்த நோய் இன்னும் உறுதியான நோயாக அங்கே நிற்கிறதா? இதயமுடுக்கி போன்ற சாதனம் உடலில் பொருத்தப்பட்டிருந்தால் அது பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் அது தெரிந்தாக வேண்டும்.

படி 3: பிழையைத் திருத்தச் சொல்வது

பதிவில் பிழை இருப்பது அரிதல்ல. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் குறிப்புகளைப் படித்த 22,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கேட்டார்கள். ஏறக்குறைய 5 பேரில் ஒருவர் பிழை கண்டதாகச் சொன்னார். அப்படிச் சொன்னவர்களில் 40 சதவீதத்துக்கும் மேலானோர் அதை முக்கியமான பிழையாகக் கருதினார்கள்.

வேண்டுகோளைச் சுருக்கமாக எழுதுங்கள். எந்தத் தேதிக் குறிப்பில், எந்த வரியில், என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், அதற்கு உங்களிடம் என்ன ஆதாரம். கோபம் வேண்டாம், அது படிப்பவரின் வேகத்தைக் குறைக்கும். வலது முழங்கால் இடது என்று பதிவாகியிருப்பது போன்ற தகவல் பிழைகள் சிக்கலின்றித் திருத்தப்படும். மருத்துவரின் கணிப்போடு உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் அதை அழிக்கச் சொல்ல முடியாது; உங்கள் தரப்பை ஒரு குறிப்பாக உடன் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் தவறான தகவலைத் திருத்தக் கேட்பதை உரிமையாகவே தருகிறது. அமெரிக்காவில் இத்தகைய வேண்டுகோளுக்கு வழக்கமாக 60 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மற்ற நாடுகளில் விதிகள் வேறுபடும் என்பதால் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும் என்று எண்ண வேண்டாம். பிழையான பதிவு வேறு மருத்துவமனைக்கு ஏற்கெனவே போயிருந்தால், அங்கேயும் தனியாகச் சொல்ல வேண்டும்.

படி 4: பரிசோதனை முடிவைப் படிப்பது

பல இடங்களில் இப்போது முடிவு மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே உங்கள் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 2021 முதல் இதுவே பொதுவான விதி. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படி முடிவைப் பார்த்த 8,000க்கும் மேற்பட்டோரில் சுமார் 96 சதவீதம் பேர் உடனே தெரிவதையே விரும்புவதாகச் சொன்னார்கள். ஆனால் திசுப் பரிசோதனை போன்ற கனமான முடிவுக்குக் காத்திருக்கும்போது, அதைத் தனியாகப் பார்க்கப் போகிறீர்களா, மருத்துவரோடு சேர்ந்து பார்க்கப் போகிறீர்களா என்பதை இரத்தமோ திசுவோ கொடுக்கும் அன்றே தீர்மானித்துவிடுங்கள். மருத்துவரைப் பிடிக்க முடியாத விடுமுறை இரவில் அறிவிப்பு வந்து, விடியும் வரை இணையத்தில் தேடிக்கொண்டிருப்பது யாருக்கும் நல்லதல்ல. அறிவிப்பை அணைத்துவைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு.

சிவப்பு எண்ணைக் கண்டு பதறாதிருக்க ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேருக்கு வரும் அளவுகளைத்தான் பெரும்பாலும் ‘இயல்பு’ என்று ஆய்வகங்கள் வைக்கின்றன. மீதி 5 சதவீதம் பேரும் ஆரோக்கியமானவர்களே. ஒருவருக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகள் செய்தால், எந்த நோயும் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று எல்லைக்கு வெளியே போவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. எல்லையை மயிரிழையில் தாண்டிய ஒற்றை எண் பெரும்பாலும் இந்த வகைதான்.

மாறாக, சிவப்பே இல்லாத எண்ணும் கவனிக்க வேண்டியதாக இருக்கலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் 0.7, அடுத்த ஆண்டு 0.9, அதற்கடுத்த ஆண்டு 1.1 என்று வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே இயல்பு எல்லைக்குள் இருக்கலாம். செயலி எச்சரிக்கை எதுவும் காட்டாது. மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் கேட்கத் தோன்றும். பழைய முடிவுகளை வரைபடமாகக் காட்டும் பொத்தான் அநேகச் செயலிகளில் இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த மின்பதிவு முழுவதிலும் நோயாளிக்கு அதிகம் பயன்படுவது அந்த ஒரு பொத்தான்தான்.

இரண்டு ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள். சர்க்கரை 126 மில்லிகிராம் என்று ஓரிடத்திலும் 7 மில்லிமோல் என்று இன்னோர் இடத்திலும் இருந்தால் இரண்டும் ஒன்றே. முதல் எண்ணை 18ஆல் வகுத்தால் இரண்டாவது வரும். பொட்டாசியம் திடீரென உயர்ந்திருந்தால், மாதிரியில் இரத்த அணுக்கள் உடைந்துவிட்டன என்ற குறிப்பு கீழே இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படியானால் உடைந்த அணுக்களிலிருந்து கசிந்த பொட்டாசியமே எண்ணை உயர்த்தியிருக்கலாம்; பெரும்பாலும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

கடைசியாக, முடிவு வரவே இல்லை என்றால் எல்லாம் நலம் என்று பொருளில்லை. பரிசோதனை கொடுக்கும்போதே எப்போது வரும் என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் தாண்டினால் விசாரியுங்கள்.

படி 5: ஸ்கேன் அறிக்கையின் கடைசிப் பத்தி

நீளமான அறிக்கையில் முதலில் படிக்க வேண்டியது முடிவுரைப் பகுதி. நடுவிலுள்ள வருணனையில் கதிரியல் மருத்துவர் தான் கண்ட எல்லாவற்றையும் எழுதுவார். வயதானால் எல்லாருக்கும் வரும் தேய்மானங்களும் அதில் அடங்கும். அதைத் தேடுபொறியில் போட்டால் தூக்கம் போகும்.

ஆனால் ஒன்றைத் தவறவிடாதீர்கள். வயிற்றுவலிக்கு எடுத்த ஸ்கேனில் நுரையீரலின் ஓரத்தில் ஒரு சிறு முடிச்சு தென்பட்டிருக்கும். ‘சில மாதம் கழித்து மீண்டும் எடுத்துப் பார்க்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். வயிற்றுவலி தீர்ந்துவிட்டதால் மருத்துவரும் நீங்களும் அந்த வரியை மறந்துவிடுவீர்கள். இத்தகைய முடிச்சுகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. மறுபரிசோதனை சொல்வது எஞ்சிய சிலவற்றுக்காகத்தான். அறிக்கையில் ‘மீண்டும்’, ‘தொடர்ந்து’, ‘பரிந்துரை’ என்ற பொருளில் வரும் ஒவ்வொரு வரியையும் அடிக்கோடிட்டு, இதை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 6: வீட்டில் அளந்து அனுப்புவது

கைக்கடிகாரம், மோதிரம், செயலி என்று அளக்கும் கருவிகள் பெருகிவிட்டன. எதை அளப்பதற்கு முன்பும் ஒரு கேள்வி: இந்த எண் மாறினால் சிகிச்சையில் என்ன மாறும்? பதில் இல்லையென்றால் அளக்காதீர்கள். தினமும் நூறு எண்களை அனுப்புகிற நோயாளியின் எந்த எண்ணையும் யாரும் படிப்பதில்லை.

இரத்த அழுத்தம் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் உள்ள அளவு. புஜத்தில் கட்டும் கருவியே நல்லது. பட்டை கைக்குப் பொருந்தும் அளவில் இருக்க வேண்டும், சிறியதாக இருந்தால் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காப்பி, புகை, உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதய உயரத்தில் தாங்கலோடு இருக்கட்டும். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிட இடைவெளி. இப்படி ஒரு வாரம். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை அனுப்புங்கள். மருத்துவமனையில் 140/90 என்ற எல்லையைப் பின்பற்றும் மருத்துவர்கள் வீட்டு அளவுக்கு 135/85 என்பதை எல்லையாகக் கொள்வது வழக்கம். ஆகவே எண்களை வீட்டில் எடுத்தது என்று குறிப்பிட மறவாதீர்கள்.

படி 7: செயலி வழியே மருத்துவருக்கு எழுதுவது

நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், முகமோ கையோ ஒரு பக்கம் தளர்வது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். செயலிச் செய்தியை யாராவது படிக்க ஒருநாள், இரண்டுநாள்கூட ஆகலாம்.

மற்றவற்றுக்கு, ஒரு செய்தியில் ஒரே விஷயம். இப்படி எழுதலாம்: ‘ஐயா, வணக்கம். புதிய இரத்த அழுத்த மாத்திரையைப் பத்து நாட்களாகச் சாப்பிடுகிறேன். நான்காம் நாளிலிருந்து வறட்டு இருமல், இரவில் அதிகம். காய்ச்சல், சளி, மூச்சிரைப்பு இல்லை. மாத்திரையை நிறுத்தவில்லை. இது மருந்தால் வருவதா? நேரில் வர வேண்டுமா?’ எப்போது தொடங்கியது, என்ன இருக்கிறது, என்ன இல்லை, நீங்கள் செய்தது என்ன, அவரிடம் கேட்பது என்ன என்பதெல்லாம் இதில் இருக்கின்றன. ஒரே செய்தியில் பதில் கிடைத்துவிடும்.

நீங்கள் எழுதுவதை முதலில் செவிலியர் படிக்கக்கூடும் என்பதையும், அது உங்கள் பதிவின் பகுதியாகச் சேமிக்கப்படலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். தோல் தடிப்பின் படத்தை அனுப்பினால், பகல் வெளிச்சத்தில் அருகிலிருந்து ஒன்றும் தள்ளி நின்று ஒன்றும் எடுத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள்.

நேரில் போகும் நாளுக்கும் இதே முறைதான். முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு, மூன்று கேள்விகளை முக்கியத்துவ வரிசையில் எழுதிக்கொண்டு போங்கள். அறைக்குள் நுழைந்ததுமே மூன்றையும் சொல்லிவிடுங்கள். எழுந்து கதவருகே போய், ‘இன்னொன்று டாக்டர்’ என்று ஆரம்பிப்பதே பெரும்பாலும் மிக முக்கியமானதாக இருந்துவிடுகிறது.

படி 8: வீட்டாரும் மற்றவர்களும்

பெற்றோரின் பதிவை நீங்கள் கவனித்துக்கொள்வதாக இருந்தால் அவர்களுடைய கடவுச்சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். பிரதிநிதி அணுகல் என்று தனி வசதி பல செயலிகளில் இருக்கிறது. அதில் உங்கள் பெயரிலேயே நுழையலாம். எழுதியது மகளா, அம்மாவேதானா என்ற குழப்பம் மருத்துவருக்கு வராது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதையும் பெரியவர்களிடமே கேளுங்கள். எல்லாவற்றையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று அவர்கள் விரும்பாமல் இருக்கலாம்.

மருத்துவமனையின் செயலி ஒன்று. நீங்களாகப் பதிவிறக்கும் நலவாழ்வுச் செயலி வேறு. மருத்துவ ரகசியச் சட்டம் இரண்டாவதைப் பல இடங்களில் கட்டுப்படுத்தாது. மருந்துத் தள்ளுபடிச் சேவையான குட்ஆர்எக்ஸ், பயனர்களின் மருந்துத் தகவலை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்தது. இலவசச் செயலி எதுவானாலும், பகிர்வு அனுமதிகளை முதலில் அணைத்துவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். அறிக்கையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து விளக்கம் கேட்பவர்கள் பெயர், பிறந்த தேதி, பதிவு எண்களை அழித்துவிட்டுக் கொடுங்கள். கடினமான சொல்லைப் புரிந்துகொள்ளவும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரிக்கவும் அது உதவும். மருந்தின் அளவை மாற்ற அதன் பேச்சைக் கேட்காதீர்கள்.

படி 9: ஒரு நகல் உங்களிடம்

மருத்துவமனையை மாற்றினாலோ, அது வேறு மென்பொருளுக்கு மாறினாலோ பழைய பதிவுகள் உங்கள் கண்ணுக்கு எட்டாமல் போகலாம். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, திசுப் பரிசோதனை அறிக்கை, தடுப்பூசி விவரம் ஆகியவற்றை பி.டி.எஃப். ஆக இறக்கிவையுங்கள். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் அவை தாமாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். ஸ்கேனுக்கு அறிக்கை மட்டும் போதாது. மூலப் படங்களை டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவத்தில் கேட்டு வாங்குங்கள். திரையைப் படமெடுத்து வைத்தது அடுத்த மருத்துவருக்குப் பயன்படாது. உங்கள் மருத்துவமனையில் இணையவழிப் பதிவே இல்லையென்றாலும் இந்தப் படியைச் செய்யலாம்: காகிதங்களைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து இதே முறையில் பெயரிட்டு வையுங்கள்.

கைப்பேசியின் அவசர மருத்துவத் தகவல் பகுதியில் ஒவ்வாமை, முக்கிய மருந்துகள், அழைக்க வேண்டியவரின் எண் ஆகியவற்றை நிரப்புங்கள். பூட்டிய திரையிலிருந்தே மற்றவர்கள் பார்க்கும்படி அதை அமைக்க முடியும். மருந்து மாறும்போதெல்லாம் அந்தப் பகுதியையும் மாற்றுங்கள். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இதை முதல் வேலையாகவே செய்துவிட வேண்டும்.